சர்சார்ஜ் என்பது அபராதம் அல்ல

தில்லித் தமிழர் வீடுகளில் மூன்று மொழிகள் நடமாடுகின்றன. சாப்பிடும்போது தமிழ், காய்கறி வண்டிக்காரரிடம் ஹிந்தி, பணம் கட்டும் ஜன்னலில் இங்கிலீஷ். அந்த மூன்றாவது மொழியிலிருந்து வந்து நம் வாயில் ஒட்டிக்கொண்ட சொற்களில் ஒன்று 'சர்சார்ஜ்'. மின்சார பில்லில் இருக்கிறது, ரயில் டிக்கெட்டில் இருக்கிறது, வருமான வரிக் கணக்கிலும் இருக்கிறது. ஆனால் அதற்கு என்ன பொருள் என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் 'ஃபைன்' என்கிறார்கள்.

இது சும்மா சொல் ஆராய்ச்சி இல்லை. எங்கள் பக்கத்து பிளாக்கில் எண்பதை நெருங்கும் மாமி ஒருவர் தனியாக இருக்கிறார். பிள்ளை வெளிநாட்டில். ஒரு நாள் மின்சார பில்லை எடுத்துக்கொண்டு வந்தார். "நம்மாத்துல ஒரு மாசம் கூட தேதி தப்பினதில்லையே, எதுக்கு ஃபைன் போட்டிருக்கான்னு பாருங்கோ" என்றார். பார்த்தேன். அபராதம் எதுவும் இல்லை. எல்லா வீட்டு பில்லிலும் இருக்கிற சர்சார்ஜ்தான். இது ஏதோ தன் தவறு என்று எண்ணி, பிள்ளையிடம் சொல்லவும் கூச்சப்பட்டு, பல வருஷங்களாக மாமி பேசாமல் கட்டி வந்திருக்கிறார். ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாததால் நேர்மையான ஒரு மனுஷி தன்னைக் குற்றவாளியாக நினைத்துக்கொண்டிருந்தார். இதை எழுத உட்கார்ந்தது அதனால்தான்.

'சர்' என்பது பிரெஞ்சு வழி வந்த முன்னொட்டு. மேலே என்று பொருள். 'சார்ஜ்' என்பதன் மூலம் வண்டியில் பாரம் ஏற்றுவது. ஆக, ஏற்கெனவே ஏற்றிய பாரத்தின் மேல் இன்னொரு பாரம். ஹிந்தியில் இதை 'அதிபார்' என்று எழுதுகிறார்கள். நம் 'பாரம்' அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கிறது. (செஸ் என்பதற்கு அவர்கள் சொல் 'உபகர்'. அதை 'உபகார்' என்று படித்துவிட்டு, நமக்கு உபகாரம் செய்கிறார்கள் போலிருக்கிறது என்று ஒரு நண்பர் சந்தோஷப்பட்டதுண்டு.)

எனக்கு இந்தச் சொல் முதலில் அறிமுகமானது பில்லில் அல்ல, டிப்ளமா வகுப்பில். மண்ணைத் தாங்கி நிற்கும் சுவருக்குப் பின்னால் உள்ள மண் ஒரு மாதிரி தள்ளும். அந்த மண்ணின் மேல் ரயில் நின்றால் அது வேறு மாதிரி தள்ளும். அந்த மேல்பாரத்துக்குப் பெயர் சர்சார்ஜ். மண்ணின் அழுத்தம் உச்சியில் ஒன்றுமில்லாமல் தொடங்கி, அடியில் போகப்போகக் கூடும். சீராகப் பரவிய சர்சார்ஜ் அப்படியல்ல. உச்சி முதல் அடி வரை ஒரே அளவில் தள்ளும். பாலங்களிலும் கரைகளிலும் வேலை பார்த்த காலமெல்லாம் இதைக் கணக்கில் சேர்க்காமல் ஒரு சுவர் கட்டியதில்லை.

தில்லி மின்சார பில்லும் அப்படித்தான். 2002 ஜூலையில் தில்லி வித்யுத் போர்டு கலைக்கப்பட்டு, விநியோகம் மூன்று கம்பெனிகள் கைக்குப் போனது. கம்பெனிகளுக்கு ஆகும் செலவுக்கும் அனுமதிக்கப்பட்ட கட்டணத்துக்கும் இடையே விழுந்த பள்ளத்தை நிரப்ப, 2012 முதல் 8 சதவீத சர்சார்ஜ் வந்தது. பழைய போர்டு ஊழியர்களின் பென்ஷனுக்காக இன்னொன்று. அது 2021 அக்டோபரில் 7 சதவீதமானது. இவை போக, மின்சாரம் வாங்கும் விலை ஏறியிறங்குவதற்கு ஏற்ப ஒரு கட்டணம். யூனிட்டுக்கான தொகையின் மேல் மட்டும் சர்சார்ஜ் போட்டால் பரவாயில்லை, விசிறியை நிறுத்திச் சமாளிக்கலாம். நிலைக்கட்டணத்தின் மேலும் சேர்த்துப் போடுகிறார்கள். மானியத்தில் வராத வீட்டில் விளக்கையே ஏற்றாவிட்டாலும் இந்த பாரம் உண்டு. சுவரின் உச்சியிலும் அதே தள்ளல்தான்.

பென்ஷன் விஷயத்தில் என்னைத் தப்பாக எண்ண வேண்டாம். நானும் பென்ஷன் வாங்குகிறவன். அவர்களுக்கு ஒரு மாதம் கூட நிற்கக்கூடாது. ஆனால் அந்தப் பொறுப்பு என் வீட்டு ஃபிரிட்ஜ் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதோடு ஏன் கட்டப்பட வேண்டும்? வேலைக்கு வைத்தது அரசாங்கம் அல்லவா? 8 சதவீதத்தின் கதை இன்னும் மோசம். அத்தனை வருஷம் வசூலித்தும் பள்ளம் மூடவில்லை. 2021 மார்ச் கணக்குப்படி மூன்று கம்பெனிகளுக்கும் சேர்த்து 27 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் நின்றது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, இதைக் காலக்கெடு வைத்துத் தீர்க்கச் சொன்னது.

எங்கள் இலாகாவும் சளைத்ததல்ல. சராசரி வேகம் மணிக்கு 55 கிலோமீட்டர் இருந்தால் அந்த வண்டி சூப்பர்ஃபாஸ்ட். அதற்கு 2013 ஏப்ரல் முதல் ஸ்லீப்பர் வகுப்பில் 30 ரூபாயும், ஏ.சி. இரண்டடுக்கு, மூன்றடுக்கில் 45 ரூபாயும் சர்சார்ஜ். வண்டி அந்த வேகத்தில் போகாவிட்டால்? வட மத்திய, தென் மத்திய ரயில்வேக்களில் அப்படிப் போகாத வண்டிகளுக்காகவும் சுமார் 11 கோடி ரூபாய் வசூலானதை 2017இல் தணிக்கை அறிக்கை எடுத்துக்காட்டியது. தில்லியிலிருந்து சென்னைக்குப் போகும் நம் வழி அந்த இரண்டு ரயில்வேக்களின் ஊடாகவும் போகிறது என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

ஆனால் நல்ல சர்சார்ஜ் ஒன்றையும் நான் பார்த்திருக்கிறேன். 2001 அக்டோபரில் ரயில்வே பாதுகாப்புக்கென்று 17,000 கோடி ரூபாய் நிதி ஒன்று ஏற்படுத்தினார்கள். அதில் 12,000 கோடி அரசின் பொது வருவாயிலிருந்து. மீதி 5,000 கோடி பயணிகளிடம் பாதுகாப்பு சர்சார்ஜாக. ஆயுள் முடிந்த தண்டவாளங்களையும் பாலங்களையும் சிக்னல்களையும் மாற்றுவது நோக்கம். மாற்றியதை என் கண்ணால் பார்த்தேன். 2007இல் அந்த சர்சார்ஜை எடுத்துவிட்டார்கள். எதற்கு, எவ்வளவு, எதுவரை என்று முதலிலேயே சொல்லிவிட்டு வாங்கினால் யாருக்கும் மனம் சுளிக்காது.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? பத்திரிகைகள் எல்லாவற்றுக்கும் 'கூடுதல் கட்டணம்' என்று ஒரே போர்வையைப் போர்த்திவிடுகின்றன. ஊர்ப்பக்கம் பஞ்சாயத்து அலுவலகத்தில் 'மேல்வரி' என்ற நல்ல சொல் இருக்கிறது. கூட்டுறவுச் சங்கங்களில் நிர்வாகி ஏற்படுத்திய நஷ்டத்தை அவரிடமே வசூலிப்பதற்கும் இங்கிலீஷில் சர்சார்ஜ்தான் பெயர். தமிழில் 'தண்டத்தீர்வை' என்பார்கள். அங்கே தவறு என்ற வாடை உண்டு. மாமியின் குழப்பத்துக்கு ஒருவேளை அதுவும் காரணமோ என்னவோ. ரயில்வேயில் 'டெமரேஜ்' படும் பாடும் இதேதான். பார்சலை நேரத்தில் எடுக்காததற்கு விதிப்பது வார்ஃபேஜ். வேகனை நிறுத்தி வைத்ததற்குத்தான் டெமரேஜ். நாம் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டோம். என் யோசனை, மேலே ஏறுவது 'மேல்கட்டணம்', தவறுக்குக் கொடுப்பது 'அபராதம்', ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கென்று வாங்குவது 'செஸ்'. நம் இதழாவது இப்படிப் பிரித்து எழுதட்டும்.

பிரித்துப் பேசினால்தான் பெரிய கணக்கும் புரியும். மத்திய அரசு வசூலிக்கும் வரிகளில் மாநிலங்களுக்குப் பங்கு உண்டு. பதினைந்தாவது நிதிக் குழு அதை 41 சதவீதம் என்றது. ஆனால் அரசியல் சட்டத்தின் 270, 271ஆம் பிரிவுகளின்படி செஸ்ஸும் சர்சார்ஜும் அந்தப் பங்கில் சேராது, முழுவதும் மத்திய அரசுக்கே. தமிழ்நாட்டில் எந்தக் கட்சி ஆண்டாலும் தில்லிக்கு வந்து முறையிடும் விஷயங்களில் இது ஒன்று. வரி என்று ஏற்றினால் பங்கு கொடுக்க வேண்டும், சர்சார்ஜ் என்று ஏற்றினால் கொடுக்க வேண்டாம். பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதைக் காட்டலாம்.

கொத்தமல்லியும் பச்சை மிளகாயும் கொசுறாக வாங்கிப் பழகிய நாம், ஒரு ரூபாய் குறைந்தால் வண்டிக்காரரோடு கால் மணி வாதாடுகிறோம். பில்லின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதில்லை. சங்கத்தில் ஓய்வு பெற்ற கணக்கர்களும் வக்கீல்களும் நிறைய இருக்கிறோம். மாதத்தில் ஒரு ஞாயிறு காலை நூலகத்தில் ஒரு மேசை போட்டுக் கொடுத்தால், பில்லோடு வருகிறவர்களுக்கு வரி வரியாகப் படித்துச் சொல்ல நான் தயார். முதல் ஆளாக அந்த மாமியே வருவதாகச் சொல்லியிருக்கிறார், தண்ணீர் பில்லோடு.