மணலில் தொடங்கும் எழுத்து



மூன்று வயதுக் குழந்தையின் கையில் பென்சிலைத் திணித்துப் பக்கம் பக்கமாக எழுதச் சொல்லும் வழக்கம் நம் இல்லங்களில் பெருகி வருகின்றது. பிஞ்சு விரல்கள் இன்னும் உறுதி பெறவில்லை. எழுத்தின்மீது அன்பு பிறக்குமுன் அச்சம் பிறந்துவிடுகின்றது.

நம் முன்னோர் வேறு வழி அறிந்திருந்தனர். திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினர். சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் இல்லமொன்றை 1789 முதல் நடத்திய ஸ்காட்லாந்துப் போதகர் ஆண்ட்ரூ பெல் இதனைக் கண்டு தம் இல்லத்திலும் ஏற்றுக்கொண்டார். 1797இல் இலண்டனில் தம் அனுபவத்தை நூலாக வெளியிட்டார். 1939இல் அடையாற்றுக்கு வந்த மரியா மாண்டிசோரி அம்மையாரின் முறையிலும், உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைக் குழந்தைகள் முதலில் விரலால் தடவியே அறிகின்றனர்.

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை மணலுக்கா பஞ்சம்? கடற்கரைக்கு அப்பால் வாழ்வோர் ஒரு தட்டில் மணலைப் பரப்பினால் போதும். நேர்கோடுகளால் ஆன 'ட', 'ப' முதலில் வரட்டும்; அடுத்து 'ம'; பின்பு 'படம்', 'மடம்' எனச் சொற்கள் தாமே பிறக்கும். பிழை நேர்ந்தால் உள்ளங்கையால் தடவி அழித்துவிடலாம், அடிக்கத் தேவையில்லை.

எழுதப் படிக்க அறியாத தாய்மாரே, நீங்களும் கலங்க வேண்டாம். இரவில் கதை சொல்லுங்கள். "'மீன்' எந்த ஒலியில் தொடங்குகிறது? அதே ஒலியில் தொடங்கும் வேறு சொல் என்ன?" என்று கேளுங்கள். ஒலியைப் பிரித்தறியும் செவியே வாசிப்பின் முதற்படி. அதனைப் பழக்க உங்கள் குரல் போதும்.