கரியடுப்பும் விருந்தும்



விருந்தினர் வருகிறார்கள் என்றால் குழம்பும் வறுவலுமே நமக்குக் கைவந்தவை. இப்பொழுதோ கம்மாபுரத்திலும் பிள்ளைகள், கோழியையும் காய்கறியையும் கம்பியில் கோத்து முற்றத்தில் சுட்டுத் தரும்படி கேட்கின்றனர். கேட்கட்டும், உயிர்த்த ஆண்டவரும் திபேரியாக் கடற்கரையில் சீடருக்காகக் கரிநெருப்பில் மீன் வைத்திருந்தாரன்றோ!

கோழித் துண்டுகளைத் தயிர், இஞ்சி, பூண்டு, மிளகாய்த்தூள், உப்புச் சேர்த்து இரண்டு மணி நேரமாவது ஊறவிடுங்கள். இறைச்சியையும் காயையும் ஒரே கம்பியில் மாற்றி மாற்றிக் கோப்பது கண்ணுக்கு அழகு, வாய்க்கு அன்று. கோழி உள்ளே வேகுமுன் தக்காளி குழைந்து விழும்; காய் பதமானதும் எடுத்தாலோ கோழியின் நடுப்பகுதி பச்சையாக நிற்கும். ஆகவே தனித்தனிக் கம்பியே நன்று. கோழி பாதி வெந்தபின், நல்லெண்ணெய் தடவிய வெங்காயம், குடைமிளகாய், கத்தரிக்காய் ஆகியவற்றை ஓரத்தில் ஏற்றுங்கள். தட்டில் ஒன்றாகச் சேர்த்துப் பரிமாறலாம். பச்சை இறைச்சி இருந்த தட்டில் மட்டும் வேண்டாம்.

இனி நெருப்பைப் பற்றி. பழுப்பு நிலக்கரியைக் கட்டியாக்கிச் சூடாக்கி, புகை தரும் வாயுக்களை நீக்கிய ‘லெக்கோ’ முன்னாளில் நெய்வேலியிலிருந்து நம் அடுப்புகளுக்கு வந்தது. இன்று அது உற்பத்தியாவதில்லை. ஆயினும் புகையில்லாக் கரியால் தீங்கில்லை என்ற எண்ணம் மட்டும் நம்மிடையே எஞ்சியிருக்கிறது.

சென்ற ஐப்பசியில் என் வீட்டு விருந்தன்று மழை பிடித்துக்கொண்டது. தம்பி கரியடுப்பைக் கூடத்துக்குள் தூக்கி வந்தான். சாரலுக்கு அஞ்சி நான் சன்னலைச் சாத்தினேன். சிறிது நேரத்தில் மாமியாருக்குத் தலைவலி, குழந்தைக்கு வாந்தி. மசாலாவின் காரம் என்றே எண்ணினோம்! தாழ்வாரத்துக்கு வந்து காற்றாட அமர்ந்த பின்னரே தெளிவு வந்தது.

கனன்றெரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு வெளிப்படுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. பிராண வாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் அது இரத்தத்தைப் பற்றிக்கொள்ளும், உறங்குபவர் விழிக்காமலே போகலாம். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலுக்குச் சுற்றுலா சென்ற இளைஞர் இருவர், கோழி சுட்ட கரியடுப்பு அறைக்குள் இருக்க உறங்கி, காலையில் உயிரற்றுக் கிடந்தனர்.

மழை வந்தால் அடுப்பை வெளியிலேயே விட்டு, கம்பிகளை மட்டும் உள்ளே கொண்டுவந்து தோசைக்கல்லில் வேகவைத்து முடியுங்கள். எஞ்சிய கரியை நீர் தெளித்து முற்றும் அணைத்த பின்னும், அன்றிரவு அது முற்றத்திலேயே கிடக்கட்டும்.