ஆசிரியர் மறைந்தபின் கதை யாருக்குச் சொந்தம்?

(பத்தாம் வகுப்பு மாணவி)

கதாசிரியர் ஒருவர் மறைந்துவிடுகிறார். அவர் படைத்த கதாபாத்திரங்களோ வாசகர் நெஞ்சில் தொடர்ந்து வாழ்கின்றனர். அப்படியிருக்க, வேறொருவர் பேனாவை எடுத்து அவர்களை மீண்டும் பேசவும் நடக்கவும் வைக்கலாமா? விஞ்ஞானக் கதை ரசிகர்கள் பல ஆண்டுகளாக விவாதித்து வரும் கேள்வி இது. எங்கள் வகுப்பிலும் பல நாள் மதிய இடைவேளைகள் இந்த விவாதத்திலேயே கழிந்தன. அதில் நாங்கள் கண்ட முடிவை இங்கே கூற விரும்புகிறோம்.

எங்கள் விவாதத்திற்குப் பொருளானவை அமெரிக்க எழுத்தாளர் ஈ. ஈ. ஸ்மித் எழுதிய 'லென்ஸ்மேன்' கதைகள். ஸ்மித் இரசாயனத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். உணவுப் பொருள் தயாரிப்புத் துறையில் பணியாற்றியவர். பகலில் மாவுக் கலவைகளை ஆராய்ந்த இவர்தாம் ஓய்வு நேரத்தில் அண்டங்களையே போர்க்களமாக்கினார்! இவ்வகைக் கதைகளை 'ஸ்பேஸ் ஆப்பரா' என்பர். 1941இல் வில்சன் டக்கர் என்பவர் கேலியாகச் சூட்டிய பெயர் அது. பிற்காலத்தில் அக்கேலிப் பெயரே பெருமைக்குரிய பெயராயிற்று.

இத்தொடரின் 'கேலக்டிக் பட்ரோல்' 1937இல் ஒரு மாத இதழில் தொடங்கியது. 'சில்ட்ரன் ஆஃப் த லென்ஸ்' 1948இல் முடிவுற்றது. கதையின் உயிர்நாடி 'லென்ஸ்' என்னும் ஒளிக்கல். அரிஸியர் என்னும் பேரறிவு வாய்ந்த இனத்தார், தகுதியுள்ள ஒவ்வொரு காவலருக்கும் அதனைத் தனித்தனியே செய்து அளிப்பர். அதை மணிக்கட்டில் அணிந்தவர் எந்த உலகத்தாரோடும் மனத்தாலேயே பேசலாம். உரியவரைத் தவிர வேறெவரேனும் அணிந்தால் அவர் உயிருக்கே ஆபத்து. உரியவர் இறந்தாலோ அதன் ஒளியும் அணைந்துவிடும்.

1965ஆம் ஆண்டு ஸ்மித் காலமானார். அதன்பின் வில்லியம் எல்லெர்ன் என்பவரின் 'நியூ லென்ஸ்மேன்' வெளிவந்தது. அடுத்து டேவிட் கைல் 1980, 1982, 1983 ஆகிய ஆண்டுகளில் மூன்று நாவல்களை முறையான அனுமதியோடு எழுதினார். ரசிகர்கள் இரு அணியாகப் பிரிந்தனர்.

எதிர்ப்பவர்கள் கூறுவது என்ன? "கதை என்பது லென்ஸைப் போன்றது. உரியவர் மறைந்ததும் அதன் ஒளியும் மறைந்துவிட்டது. பிறர் எழுதுவது புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொள்வதற்கு ஒப்பாகும்" என்பதே அவர்கள் வாதம். புகழ் பெற்ற பெயரைக் காட்டிப் பணம் திரட்டும் முயற்சி என்றும் சிலர் ஐயுறுகின்றனர். இந்த ஐயம் முற்றிலும் தவறானது என்று கூற முடியாது. அட்டையில் மறைந்தவர் பெயரைப் பெரிதாகவும் எழுதியவர் பெயரைச் சிறிதாகவும் அச்சிட்டால் வாசகர் ஏமாறத்தானே செய்வர்?

ஆயினும் அவர்கள் காட்டும் உவமையிலேயே விடையும் இருக்கிறது என்பது எங்கள் கருத்து. ஒரு லென்ஸ்மேன் இறந்தால் காவற்படை கலைந்து விடுவதில்லை. புதிதாக வரும் வீரர் இறந்தவருடைய கல்லை எடுத்து அணிவதுமில்லை. அவருக்கென்றே வேறொரு கல் செய்யப்படுகிறது. தொடர்ந்து எழுதுபவரும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஸ்மித்தின் நடையை ஸ்மித்தைப் போலவே எழுத முயல்பவர் தோற்பது உறுதி. ஸ்மித்தின் உலகத்தைத் தம் கண்ணால் கண்டு தம் நடையில் எழுதுபவருக்கே வெற்றி வாய்ப்பு உண்டு.

மேலும், எல்லெர்னுக்கு அனுமதி வழங்கியவர் வேறு எவருமல்லர், ஸ்மித்தேதாம். மறைவதற்குச் சற்று முன்னர் 1965இல் அவர் அந்த இசைவைத் தந்தார். தாம் கட்டிய வீட்டின் கதவை ஆசிரியரே திறந்து வைத்திருக்க, வாசலில் நின்று மற்றவரைத் தடுக்க நமக்கு என்ன உரிமை?

கைல் செய்ததையும் பார்ப்போம். அவர் ஸ்மித்தை நேரில் அறிந்தவர். கதை முடிந்த இடத்திற்கு அப்பால் சென்று முடிவை மாற்றி எழுத அவர் முற்படவில்லை. கதாநாயகன் கின்னிசனின் திருமணத்திற்கும், அவனுடைய மக்கள் வளர்ந்து பெரியவர்களாவதற்கும் நடுவே ஸ்மித் ஒரு நீண்ட இடைவெளி விட்டிருந்தார். கைல் தம் கதைகளை அந்த இடைவெளியில் அமைத்தார். பறவைநாகம் போன்ற வொர்ஸல், பீப்பாய் வடிவினரான ட்ரிகான்ஸி, கடுங்குளிர் உலகத்து நாட்ரெக் ஆகிய மூவரும் கின்னிசனுக்கு நிகரான பயிற்சி பெற்றவர்கள். ஆனால் மூல நூல்களில் அவன் நிழலிலேயே நின்றவர்கள். மூவருக்கும் ஆளுக்கொரு நாவலை அளித்தார் கைல். ஸ்மித்தின் வேகம் அவரிடம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் பழைய சுவரை இடிக்காமல், காலியாகக் கிடந்த இடத்தில் மட்டும் கட்டினார் என்பதைப் பாராட்டவே வேண்டும்.

பிறர் கை பட்டால்தான் கதை கெடும் என்பதும் சரியன்று. ஸ்மித்தே 1934இல் எழுதிய 'ட்ரைபிளானட்டரி' என்ற தனிக்கதையை 1948இல் திருத்தி, தொடரின் முதல் நூலாக்கினார். இதழ்களில் படித்தவர்கள் இறுதியில்தான் அறிந்துகொண்ட பெரும் இரகசியம், இப்போது முதல் நூலிலேயே வெளிப்பட்டுவிடுகிறது. ஆகவே புதிதாகப் படிக்கும் தோழியர் 'கேலக்டிக் பட்ரோல்' நூலிலிருந்து தொடங்குவதே நல்லது.

இனி, பெண்களாகிய எங்களை மிகவும் பாதித்த ஒன்றைக் கூறாமல் இருக்க இயலாது. 1950இல் வெளிவந்த 'ஃபர்ஸ்ட் லென்ஸ்மேன்' நூலில் ஜில் சாம்ஸ் என்னும் துணிவும் அறிவும் மிக்க பெண் வருகிறாள். ஆனால் லென்ஸ் பெண் மனத்திற்குப் பொருந்தாது என்று கூறி அவளைத் திருப்பி அனுப்பிவிடுகின்றனர்! இதைப் படித்தபோது எங்களுக்குக் கோபம் வந்தது. பின்னால் வருபவர்கள் இதனைத் திருத்தலாமா? வகுப்பில் மிகச் சூடான வாதம் இதைப் பற்றித்தான்.

திருத்தக் கூடாது என்பதே எங்கள் முடிவு. அந்நூல் அக்காலத்தின் சாட்சி. சாட்சியின் வாக்குமூலத்தை அழிப்பது நேர்மையாகாது. ஆனால் ஸ்மித் அங்கேயே நின்றுவிடவில்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். செவிலியான கிளாரிஸா மக்டூகலுக்கு லென்ஸ் அளித்தவர் அவரே. இறுதி நூலில் அண்டத்தைக் காக்கும் ஐந்து பிள்ளைகளில் நால்வரைப் பெண்களாகப் படைத்தவரும் அவரே. எனவே பெண் லென்ஸ்மேன்களைப் பற்றிப் புதிதாக எழுதுபவர் ஸ்மித்துக்கு மாறு செய்தவராக மாட்டார். அவர் காட்டிச் சென்ற வழியில் மேலும் சில அடிகள் நடப்பவரே ஆவார்.

ஆகவே எங்கள் தீர்ப்பு இதுதான்: பிறர் தொடரலாம். ஆனால் உரியவரிடம் அனுமதி பெற வேண்டும். எழுதியவர் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும். மூல ஆசிரியர் எழுதி முடித்ததை அழிக்கக் கூடாது. இம்மூன்றும் இருந்தால் மறைந்தவருக்கு அது அவமதிப்பு ஆகாது.

இவ்வளவு சொல்லியும் மனம் ஒப்பாத தோழியருக்கு ஒரு வார்த்தை: யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. ஸ்மித்தின் நூல்கள் ஒரு சொல்லும் மாறாமல் அலமாரியில் இருக்கின்றன. அவற்றோடு நின்றுவிட உங்களுக்கும், அடுத்த நூலைக் கையில் எடுக்க எங்களுக்கும் உரிமை உண்டு.