மேக்ரோ எழுதும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை



எக்செல் மேக்ரோ எழுதும் பழைய மாணவர்கள் சிலர் ஃபைலை எனக்கு அனுப்பி, "சார், பார்த்துச் சொல்லுங்க" என்கிறீர்கள். ஓய்வுபெற்றவனுக்கு வேறென்ன வேண்டும்! ஆனால் அண்மையில் வருகிறவற்றில் ஒரு பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை.

மேக்ரோ தெரியாத உறவினர்களுக்காக: ஒரு செல்லில் டைப் செய்ததும், ஃபைலைத் திறந்ததும் தானாக ஓடும்படி நிரல் எழுதலாம். அதற்கு ஈவென்ட் என்று பெயர். அதை ஒரு ஷீட்டுக்கு மட்டும் எழுதலாம், ஒரு ஃபைலுக்கு மட்டும் எழுதலாம். கிளாஸ் மாட்யூலில் 'வித்ஈவென்ட்ஸ்' போட்டு, திறந்திருக்கும் எல்லா ஃபைலுக்கும் சேர்த்தும் எழுதலாம். முன்னவை வகுப்பாசிரியர் தன் வகுப்பில் பேசுவது போல. கடைசியது தலைமையாசிரியர் அறை மைக்.

ஒரு தம்பி வேலை பார்க்கும் அலுவலகத்தில், ஏ காலத்தில் எதையாவது போட்டால் பி காலத்தில் தேதி விழும்படி மைக்கில் பேசியிருக்கிறார். அதே கணினியில் ஒரு பெண் சம்பளப் பட்டியலைத் திறந்து பெயர்களைத் திருத்தியிருக்கிறாள். பி காலத்தில் இருந்த தொகைகளின் மேல் தேதி விழுந்துவிட்டது. மேக்ரோ செல்லை மாற்றினால் அன்டூ பட்டியல் அழிந்துவிடும். கன்ட்ரோல் இசட் உதவாது. மேக்ரோ என்ற சொல்லே அவளுக்குத் தெரியாது. திட்டு வாங்கியது அவள்தான். இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

உங்கள் ஃபைலுக்கு மட்டும் வேண்டியதை 'திஸ்ஒர்க்புக்'கிலேயே எழுதுங்கள். பத்தில் ஒன்பது வேலைக்கு அது போதும் என்பேன். எந்த ஃபைலை அச்சிட்டாலும் அடியில் அலுவலகப் பெயர் வரவேண்டும் என்பது போன்ற தேவைக்கு மைக் சரி. அதை ஆட்-இன்னாக வையுங்கள். சில ஃபைல்களுக்கு மட்டும் என்றால், முதல் வரியிலேயே அந்த ஷீட்டின் 'பேரன்ட்' யார் என்று கேளுங்கள். (பள்ளியில் நாங்கள் கேட்காததா!) நம் ஒர்க்புக் இல்லையென்றால் உடனே வெளியேறுங்கள்.

இன்னொன்று, 'எனேபிள்ஈவென்ட்ஸ்'. அதை 'ஃபால்ஸ்' ஆக்குவது, தேர்வு நேரத்தில் பள்ளி மணியின் ஒயரைக் கழற்றுவது மாதிரி. நடுவில் பிழை வந்து நிரல் நின்றால் ஒயரை யார் மாட்டுவது? எல்லா ஃபைல்களின் ஈவென்ட்டும் ஊமையாகிவிடும். எனவே 'ஆன் எரர் கோடூ' போட்டு, பிழை வந்தாலும் வராவிட்டாலும் 'ட்ரூ' வரியைத் தாண்டித்தான் வெளியேற வேண்டும் என்று எழுதுங்கள்.

பிழைப்பெட்டியில் 'எண்ட்' அழுத்தினால் வேரியபிளில் வைத்த அப்ளிகேஷன் தொடர்பும் அறுந்துவிடும். அதை மறுபடி 'செட்' செய்ய ஒரு சிறிய சப் தனியாக இருக்கட்டும். திருத்திய ஃபைல்களை அனுப்புங்கள், பார்க்கிறேன்.