பத்தாவது தீர்மானம்

டிசம்பர் 31 ராத்திரி, மணி பதினொன்றரை. புதுச்சட்டை காலர் கழுத்தை அறுக்குது. சர்ச்சில் உட்கார இடமில்லை. பக்கத்து பெஞ்சில் ஒரு தாத்தா பாதி ஆராதனையிலேயே தூங்கி வழியறார். டாண்... டாண்... மணி பன்னிரண்டு! எல்லாரும் கைகுலுக்கி, வரிசையில் போய் வாக்குத்தத்த அட்டை எடுத்துட்டு வெளியே வந்தா, சுடச்சுட டீ, ஒரு துண்டு கேக். கையில அட்டை, மனசுல ஒரு பெரிய லிஸ்ட். 'ஆண்டவரே, இந்த வருஷம் பாருங்க, நான் யாருன்னு காட்டறேன்!'

காட்டினோமா?

சிரிக்காதீங்க. நீங்க சி.எஸ்.ஐ.யோ, ஆர்.சி.யோ, பெந்தெகொஸ்தேயோ, இந்த சீன் உங்களுக்கு நல்லா தெரிஞ்சதுதான். ப்ளஸ் டூ படிக்கிற ஒரு தங்கச்சி என்கிட்ட கேட்ட கேள்வி இது: "அண்ணா, போன வருஷம் எடுத்த தீர்மானம் ஒண்ணு கூட நிக்கலை. தினமும் பைபிள் வாசிப்பேன்னு சொன்னேன், விட்டுட்டேன். கோபப்பட மாட்டேன்னு சொன்னேன், மறுநாளே தம்பியை அடிச்சேன். இந்த வருஷம் தீர்மானம் எடுக்கவே பயமா இருக்கு. ஆண்டவர்கிட்ட பொய் சொல்லிட்ட மாதிரி இருக்கு. ஜெபம் பண்ணக்கூட கூச்சமா இருக்குண்ணா."

இது சாதாரண கேள்வி இல்லை, ஃப்ரெண்ட்ஸ். சர்ச்சுக்குப் போறதை மெதுவா நிறுத்திக்கிற நிறைய பசங்களைக் கேட்டுப் பாருங்க. 'கடவுள் இல்லை'ன்னு அவங்க சொல்ல மாட்டாங்க. 'அவர் முகத்துல முழிக்க எனக்குத் தகுதி இல்லை'ன்னுதான் சொல்வாங்க. அதனால இந்த வாரம் இதைப் பத்தியே பேசுவோம்.

என் லிஸ்ட்டும் உடைஞ்சுதான் போச்சு

ப்ளஸ் ஒன் படிக்கும்போது வாக்குத்தத்த அட்டையோட பின்பக்கம் நானும் பத்து தீர்மானம் எழுதினேன். காலை நாலரைக்கு எழும்பணும், ஒரே வருஷத்துல முழு பைபிளையும் முடிக்கணும், வாரம் ஒரு நாள் உபவாசம், டி.வி.யே பார்க்கக் கூடாது... இப்படி ஒன்பது. பத்தாவது என்னன்னு கடைசியில சொல்றேன்.

நாலரை மணி எழும்பல் நாலே நாள்தான். ஆதியாகமத்தை ஜம்முனு முடிச்சேன். யாத்திராகமத்துல செங்கடல் பிளக்கிற வரைக்கும் சினிமா மாதிரி போச்சு. அதுக்கப்புறம் ஆசரிப்புக் கூடாரத்தோட நீளம், அகலம், திரைச்சீலை, கொக்கி, வளையம்னு வந்துது பாருங்க... கண்ணு சொக்கிடுச்சு! ஜனவரி 26-ந் தேதி ஸ்கூல்ல கொடி ஏத்தும்போது என் கொடி கீழே இறங்கியாச்சு.

அப்புறம்தான் புரிஞ்சது. நான் எடுத்தது தீர்மானமே இல்லை. பேரம்!

பேரம் வேற, தீர்மானம் வேற

நம்ம வீடுகள்ல 'பொருத்தனை'ன்னு ஒரு வார்த்தை உண்டு. 'இந்தக் காரியம் நடந்தா இதைச் செய்யறேன்'னு ஆண்டவர்கிட்ட சொல்ற வாக்கு. பைபிள்ல அன்னாள் அப்படி ஒரு பொருத்தனை பண்ணாங்க, சாமுவேல் பிறந்ததும் சொன்னபடியே நிறைவேத்தினாங்க. ஆனா அதே பைபிள்ல பிரசங்கி 5-ம் அதிகாரம், பொருத்தனை பண்ணிட்டு செய்யாம விடறதை விட, பண்ணாம இருக்கிறதே மேல்னு எச்சரிக்குது. அவசரப்பட்டு வாயைத் திறக்காதேங்கிறதுதான் அங்கே விஷயம்.

நாம என்ன பண்றோம்? '600-க்கு 550 வாங்க வைங்க, தினமும் ஒரு மணி நேரம் ஜெபிக்கறேன்'னு சொல்றோம். மார்க் வந்தா ஜெபம் மறந்து போகுது. வரலைன்னா ஆண்டவர் மேலயே கோபம் வருது. ரெண்டு பக்கமும் நஷ்டம்!

விசுவாசத்துல எடுக்கிற தீர்மானம் வேற மாதிரி. 'நான் இதைச் செஞ்சாத்தான் அவர் என்னை நேசிப்பார்'ங்கிற இடத்துல அது ஆரம்பிக்காது. 'அவர் ஏற்கெனவே என்னை நேசிக்கிறார், அதனால இப்படி வளர ஆசைப்படறேன்'ங்கிற இடத்துல ஆரம்பிக்கும். மேலோட்டமா பார்த்தா ரெண்டும் ஒண்ணு மாதிரி தெரியும். கீழே விழுற அன்னிக்குத்தான் வித்தியாசம் தெரியும். பேரம் பேசினவன் ஓடி ஒளிவான். நேசிக்கப்படறவன் எழும்பி வருவான்.

பேதுருவைப் பாருங்க. எல்லாரும் ஓடிப் போனாலும் நான் ஓட மாட்டேன்னு அத்தனை பேர் முன்னாடி சொன்ன ஆள். அதே ராத்திரி சேவல் கூவறதுக்குள்ள மூணு தடவை 'அவரைத் தெரியவே தெரியாது'ன்னுட்டார். இதை விடப் பெரிய தீர்மான உடைசல் உண்டா? ஆனா யோவான் 21-ம் அதிகாரத்துல, கடற்கரையில கரிநெருப்பு போட்டு, மீன் சுட்டு, சாப்பிட வாங்கன்னு இயேசு கூப்பிடறார். 'ஏண்டா வாக்கை மீறின?'ன்னு கேட்கலை. என் மேல அன்பு இருக்கான்னு மூணு தடவை கேட்டார். உடனே ஒரு வேலையையும் கொடுத்தார்.

தங்கச்சி, உனக்கான பதில் அதுதான். நீ பொய் சொல்லலைம்மா. உன் பலத்தைக் கொஞ்சம் அதிகமா கணக்குப் போட்டுட்டே, அவ்வளவுதான். மீன் சுட்டு வச்சிட்டுக் காத்திருக்கிறவர்கிட்ட போக என்ன கூச்சம்?

சரி, எப்படி எழுதறது?

ஒரு பேப்பர், பேனா எடுத்துக்கோங்க.

ஒண்ணு: நாலே நாலு கட்டம் போடுங்க. பன்னிரண்டு வயசுல இயேசு எருசலேம் தேவாலயத்துல இருந்ததை லூக்கா எழுதறார். அடுத்து அவருக்கு ஏறக்குறைய முப்பது வயசு. நடுவுல 18 வருஷம்! அதைப் பத்தி லூக்கா கொடுக்கிறது ரெண்டே வசனம்தான் (2:51, 52). அம்மா அப்பாவுக்குக் கீழ்ப்படிஞ்சு நாசரேத்துல இருந்தார், அறிவுலயும் உடம்புலயும் வளர்ந்தார், கடவுளுக்கும் மனுஷங்களுக்கும் பிரியமா வளர்ந்தார். டீன் ஏஜ்ல அவர் பண்ணின சாதனை லிஸ்ட்டே அவ்வளவுதான். உங்க கட்டமும் அதேதான்: படிப்பு, உடம்பு, ஆண்டவர், மனுஷங்க. ஒவ்வொண்ணுலயும் ஒண்ணே ஒண்ணு. பத்து வேண்டாம்! கெமிஸ்ட்ரி ரெக்கார்ட் நோட்டை அன்னன்னிக்கே எழுதறதும் விசுவாசத் தீர்மானம்தான். ராத்திரி பதினொண்ணுக்கு மொபைலை வச்சிட்டுத் தூங்கறதும் அப்படித்தான்.

ரெண்டு: எண்ணிப் பார்க்கிற மாதிரி எழுதுங்க. 'ஆண்டவரோட நெருங்கி வாழணும்'னு எழுதினா, நெருங்கினோமா இல்லையான்னு எப்படித் தெரியும்? முழு பைபிளையும் முடிக்க ஆசையா? 66 புத்தகம், 1189 அதிகாரம். திங்கள் முதல் சனி வரை தினம் மூணு, ஞாயிறு அஞ்சு வாசிச்சா வருஷத்துல முடியும். ப்ளஸ் டூ, டியூஷன், நீட் கோச்சிங்குன்னு ஓடறவங்களுக்கு அது மலைப்பா இருக்கா? புதிய ஏற்பாடு 260 அதிகாரம். வாரத்துக்கு அஞ்சு நாள், நாளுக்கு ஒண்ணு. 52 வாரத்துல கரெக்டா முடியும். மீதி ரெண்டு நாள் விட்டதைப் பிடிக்க. ஆர்.சி. பைபிள்ல மொத்தம் 73 புத்தகம். ஆனா புதிய ஏற்பாட்டுக் கணக்கு எல்லாருக்கும் ஒண்ணுதான்.

வேல்ஸ் நாட்டுல மேரி ஜோன்ஸ்னு ஒரு பொண்ணு. நெசவாளி மகள், ஏழைக் குடும்பம். சொந்தமா ஒரு பைபிள் வாங்கணும்னு கிட்டத்தட்ட ஆறு வருஷம் காசு சேர்த்தா. 1800-ல், 15 வயசுல, பாலா என்கிற ஊருக்கு சுமார் 40 கிலோமீட்டர் நடந்தே போய் வாங்கினா. 1804-ல் லண்டன்ல பைபிள் சங்கம் ஆரம்பிக்க அவளோட கதையும் ஒரு தூண்டுதல்னு சொல்வாங்க. அவ வச்சிருந்தது ஒரே ஒரு லட்சியம், கொஞ்சம் சில்லறை, நிறைய பொறுமை.

மூணு: சத்தம் போடாதீங்க. உபவாசம் இருக்கிறவன் முகம் கழுவி, தலைக்கு எண்ணெய் வச்சு, யாருக்கும் தெரியாம இருக்கணும்னு மத்தேயு 6-ல இயேசு சொல்றார். நாம 'ஃபாஸ்டிங் டே ஒன்'னு ஸ்டேட்டஸ் போடறோம்! லைக் வந்தாச்சுன்னா கூலி வாங்கியாச்சு. இன்னொரு விஷயம்: வளர்ற வயசுல வீட்டுக்குத் தெரியாம பட்டினி கிடக்காதீங்க, அதுவும் பரீட்சை நேரத்துல. ஞாயிறு முழுக்க மொபைலுக்கு உபவாசம் கொடுத்துப் பாருங்க. பட்டினியை விட அது கஷ்டம்!

நாலு: விழுவோம்னு முதல்லயே எழுதி வைங்க. அமெரிக்காவில் ஜோனத்தன் எட்வர்ட்ஸ்னு ஒருத்தர் பிற்காலத்துல பெரிய போதகர் ஆனார். 1722, 1723-ல், ஏறக்குறைய 19 வயசுல, தனக்காக 70 தீர்மானம் எழுதினார். எழுபது! ஆனா ரெண்டு விஷயம் கவனிங்க. ஆண்டவர் உதவி இல்லாம தன்னால ஒண்ணும் முடியாதுன்னு ஆரம்பத்துலயே எழுதிட்டார். அடுத்து, ஒருவேளை சோர்ந்து போய் விட்டுட்டேன்னா, திரும்ப நினைவு வந்ததும் மனம் திரும்பித் தொடருவேங்கிறதையும் மூணாவது தீர்மானமாவே வச்சிட்டார். வாரம் ஒரு தடவை அந்த லிஸ்ட்டை வாசிக்கணும்னும் முடிவு பண்ணியிருந்தார். அந்தக் காலத்து டைரியில சோர்ந்து கிடந்த நாட்களும் இருக்கு. நாமளும் அதையே செய்யலாம். ஞாயிறு சாயங்காலம் பத்து நிமிஷம். விட்ட இடத்துல ஒரு கோடு போட்டு, திங்கள்ல இருந்து மறுபடி. 'இனி அடுத்த ஜனவரிதான்'னு தள்ளிப் போடறதுதான் ஆபத்து.

அஞ்சு: ஒரு ஆள்கிட்ட மட்டும் சொல்லுங்க. அக்காவோ, பாட்டியோ, சண்டே ஸ்கூல் டீச்சரோ. திட்டாம கேட்கிற ஆளா இருக்கணும். மாசம் ஒரு தடவை 'என்னாச்சு?'ன்னு கேட்டாலே போதும்.

அந்தப் பத்தாவது...

என் லிஸ்ட்டுல பத்தாவதா எழுதியிருந்தது இது: 'அப்பாகிட்ட பேசணும்.'

ப்ளஸ் ஒன் சேரும்போது நான் கேட்ட குரூப் வேற, அப்பா ஃபார்ம்ல எழுதிக் கொடுத்த குரூப் வேற. ஜூன் மாசத்துல இருந்து அப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசலை. அவர் மட்டும் தினமும் டியூஷன் முடியற நேரத்துக்கு பஸ் ஸ்டாப்புல சைக்கிளோட நிப்பார். கேரியர்ல ஏறி உட்காருவேன். வீடு வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் ஊமை.

முதல் ஒன்பதும் 'பக்தி' சமாச்சாரம், அதையெல்லாம் முடிச்சிட்டு இதைப் பார்த்துக்கலாம்னு இருந்தேன். ஒன்பதும் உடைஞ்சதும் அட்டையை எடுத்துப் பார்த்தா, மிச்சம் இருந்தது இது ஒண்ணுதான். காணிக்கை கொடுக்க வரும்போது உன் சகோதரனுக்கு உன் மேல குறை இருக்குன்னு ஞாபகம் வந்தா, காணிக்கையை அங்கேயே வச்சிட்டு முதல்ல போய் ஒப்புரவாகுன்னு மத்தேயு 5-ல இயேசு சொன்னது அன்னிக்குத்தான் உறைச்சது. நான் வரிசையையே தலைகீழா எழுதியிருக்கேன்!

பிப்ரவரியில ஒரு ராத்திரி, சைக்கிள் கேரியர்ல உட்கார்ந்துட்டே கேட்டேன். பெரிய மன்னிப்பு எல்லாம் வாயில வரலை. "சாப்டீங்களாப்பா?"

சைக்கிள் ஒரு நிமிஷம் தடுமாறிச்சு. அப்பா திரும்பிப் பார்க்கலை. "இல்லைப்பா. உன் கூட சாப்பிடலாம்னு..." அவ்வளவுதான் சொன்னார்.

அந்த வருஷம் நான் நிறைவேத்தினது அது ஒண்ணுதான். மத்த ஒன்பதுல ரெண்டு மூணு பின்னால மெதுவா வந்துது. பைபிளை முழுசா முடிக்க எனக்கு மூணு வருஷம் ஆச்சு. ஆசரிப்புக் கூடாரத்தையும் தாண்டிட்டேன்!

உங்க பேப்பர்லயும் ஒரு 'பத்தாவது' இருக்கும். பேசாம இருக்கிற ஃப்ரெண்டோ, அடிச்ச தம்பியோ, கிளாஸ்ல யாரும் பக்கத்துல உட்காராத பையனோ. அதை இந்தத் தடவை முதல் வரியில எழுதுங்க. (வீட்டுல அடி, மிரட்டல்னு நிலைமை வேற மாதிரி இருந்தா, நீங்களா போய் மாட்டிக்க வேண்டாம். முதல்ல நம்பிக்கையான பெரியவங்க ஒருத்தர்கிட்ட சொல்லுங்க.)

அப்புறம் அந்தத் தங்கச்சிக்கு ஒரு வார்த்தை. புது வருஷம் பிறக்கற வரைக்கும் காத்திருக்காதேம்மா. தம்பி பக்கத்து ரூம்லதானே இருக்கான்? போய் ஒரு சாக்லேட் கொடுத்துட்டு வந்து, அப்புறம் ஜெபம் பண்ணிப் பாரு. கூச்சம் போயிருக்கும்.

அடுத்த வாரம் சந்திப்போம்!