'மாதம் ஒரு கோடி பார்வையாளர்கள்'... இணையதளங்கள் சொல்லும் இந்தக் கணக்கை நம்பலாமா?

"மாதம் ஒரு கோடி பார்வையாளர்கள்", "நாங்கதான் நம்பர் ஒன் தளம்" என்ற விளம்பரங்களை அடிக்கடி பார்த்திருப்பீங்க. விளம்பரப் பணம் யாருக்குப் போகும், எந்த மாதிரி செய்தி அதிகம் வரும், யாருக்கு வேலை நிலைக்கும் என்பதெல்லாம் இந்த எண்களை வைத்துத்தான் முடிவாகிறது. சரி, இதை எப்படி எண்ணுகிறார்கள்?

ஒரு ஆள் மூணு பேர் ஆவது எப்படி?

ஒரு பக்கம் எத்தனை முறை திறக்கப்பட்டது என்பது 'பேஜ் வியூ'. எத்தனை தனித்தனி பேர் வந்தார்கள் என்பது 'யூனிக் விசிட்டர்'. சிக்கலே இந்த இரண்டாவதில்தான். தளத்துக்கு ஆளைத் தெரியாது. உங்கள் பிரவுசரில் அது போட்டு வைக்கும் 'குக்கீ'யைத்தான் தெரியும்.

காலையில் செல்போன், மதியம் ஆபீஸ் கம்ப்யூட்டர், இரவு டேப்லெட் என்று பார்த்தால், லாக்-இன் செய்யாதவரை நீங்க மூணு பேர். குக்கீயை அழித்துவிட்டு மறுபடி வந்தால் இன்னொரு புது ஆள். அதேசமயம், வீட்டில் எல்லாரும் ஒரே போனில் பார்த்தால் மொத்தக் குடும்பமும் ஒரே ஆள்!

தரவரிசை போடுவது யார்?

தன் தளத்துக்கு வருபவர்களை கூகுள் அனலிட்டிக்ஸ் போன்ற கருவிகள் மூலம் உரிமையாளர் எண்ணலாம். அடுத்தவர் தளத்தை வெளியில் இருந்து மதிப்பிடத்தான் முடியும். அப்படி நீண்டகாலம் கோலோச்சியது 'அலெக்ஸா ரேங்க்'. 1996-ல் தொடங்கிய அந்த நிறுவனத்தை 1999-ல் அமேசான் வாங்கியது. தன் டூல்பாரை கம்ப்யூட்டரில் போட்டவர்கள் எந்தெந்த தளங்களுக்குப் போகிறார்கள் என்பதுதான் பல ஆண்டுகள் அதன் முக்கிய ஆதாரம். போடாதவர்களை நேரடியாக எண்ண வழியில்லை. 2022 மே 1-ம் தேதி அந்தச் சேவை மூடப்பட்டது.

இன்றைய சிமிலர்வெப் போன்றவை பல வகைத் தரவுகளைச் சேர்த்துப் பார்க்கின்றன. ஆனாலும் அடிப்படை மதிப்பீடுதான். சில வீடுகளில் மீட்டர் வைத்து நாடு முழுக்க டிஆர்பி சொல்வது போல.

பெரிய நிறுவனமே தப்பா எண்ணுமா?

எண்ணியிருக்கிறது. வீடியோவை மக்கள் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதைத் தவறாகக் கணக்கிட்டதாக 2016-ல் ஃபேஸ்புக் ஒப்புக்கொண்டது. மொத்த நேரத்தை, 3 விநாடிக்கு மேல் பார்த்தவர்கள் எண்ணிக்கையால் மட்டும் வகுத்துவிட்டார்கள். பத்து பேர் சாப்பிட்ட பில்லை நாலு பேருக்குப் பிரித்தால், ஆளாளுக்கு நிறைய சாப்பிட்ட மாதிரி தெரியும் அல்லவா? அதே கதைதான். விளம்பரதாரர்கள் தொடர்ந்த வழக்கில், தவறு செய்ததாக ஏற்காமலேயே 2019-ல் 4 கோடி டாலர் தர ஃபேஸ்புக் சம்மதித்தது.

இதற்கிடையே 2017-ல் வோகேட்டிவ், மைக் போன்ற அமெரிக்கச் செய்தித் தளங்கள், வீடியோவுக்கு மாறுகிறோம் என்று சொல்லி ஊழியர்களை வேலையை விட்டு அனுப்பின. அந்த ஒரு பிழைதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் 'இனி எல்லாம் வீடியோதான்' என்ற அன்றைய நம்பிக்கைக்கு இதுபோன்ற எண்களும் தீனி போட்டன.

வந்தது மனுஷங்கதானா?

இதுவும் முக்கியமான கேள்வி. 2024-ல் இணையப் போக்குவரத்தில் 51 சதவீதம் தானியங்கி 'பாட்'களுடையது என்கிறது இணையப் பாதுகாப்பு நிறுவனமான இம்பெர்வாவின் அறிக்கை. பாட்களை வடிகட்டாத கணக்கில் அவையும் 'வாசகர்கள்'தான்.

நாம் என்ன கேட்கணும்?

அடுத்த முறை 'ஒரு கோடி' என்று யாராவது சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்க. அது ஆட்களா, பேஜ் வியூவா? எண்ணியது தளமா, வெளியாரா? வந்தவர்கள் படித்தார்களா, எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்களா? இதற்கு நேரடியான பதில் இல்லையென்றால், அந்த எண்ணை விளம்பரமாக மட்டும் எடுத்துக்கொள்வதே நல்லது.