வீடு தருவது இந்தியா, காணி தர வேண்டியது யார்?



இந்தியத் தலைவர் ஒருவர் கொழும்புக்கு வந்தால் பெரட்டுக் களத்தில் அன்றைக்கு அதே பேச்சுத்தான். "இந்தியா நம்மளைக் கைவிடாது" என்பார் ஒருவர். "நம்மளைப் பங்கு போட்டதே அவங்கதானே" என்பார் மற்றவர். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஒரு பெரிய நாடு பக்கத்து நாட்டோடு எப்படிப் பேசும் என்று தெரிந்துகொண்டால் இந்தச் சண்டை தேவைப்படாது.

1948இல் இலங்கை அரசாங்கம் நமது குடியுரிமையைப் பறித்தது. இலங்கையில் நிலைத்து வாழ்கிறவர்கள் இலங்கையின் பொறுப்பு என்று பிரதமர் நேரு கடைசிவரை சொல்லிவந்தார். 1962இல் சீனாவோடு நடந்த போரில் இந்தியா அடிபட்டது. அதன்பின் பக்கத்து நாடுகளின் நட்பு டில்லிக்கு முன்னைவிட அவசியமானது. 1964 மே மாதம் நேரு மறைந்தார். ஐந்து மாதத்தில், ஒக்டோபர் 30ஆம் திகதி, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது.

அதில் நமது கணக்கு 975,000 பேர். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 150,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆசிய நாடுகளின் ஒற்றுமை, அணிசேராமை என்று இரண்டு அரசாங்கங்களும் உலக மேடைகளில் பேசிய காலம் அது. அந்த நட்புக்கு விலை கொடுத்தவர்கள் நாம். போகிறாயா, இருக்கிறாயா என்று நம்மிடம் கேட்டுவிட்டு எழுதிய ஒப்பந்தம் அல்ல அது.

எங்கள் அப்பாயிக்கு இலங்கை கிடைத்தது, அவருடைய அண்ணனுக்கு இந்தியா. அட்டன் ஸ்டேசனில் கோச்சி ஏற்றிவிட்டு வந்தவர், அதற்குப் பிறகு அண்ணன் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் போய்ச் சேர்ந்தது நீலகிரி. திரும்பி வந்தவர்களுக்கென்று தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் அங்கேயும் அதே வேலைதான். இங்கே நம்மை இந்தியாக்காரன் என்றார்கள், அங்கே அவர்களைச் சிலோன்காரன் என்றார்கள்.

1984இல் தலைமன்னார் கப்பல் நின்றது. போக வேண்டிய பலர் இங்கேயே தங்கிவிட்டார்கள். நாடற்றவர் பிரச்சினையை முடித்துவைத்தவை 1988, 2003 ஆம் ஆண்டுகளில் இலங்கைப் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டங்கள். நாம் இங்கே நின்று, சங்கமாகச் சேர்ந்து, வாக்கைப் பயன்படுத்திக் கேட்டதால் வந்தவை அவை.

இப்போது இந்தியா நமக்கு வீடு கட்டித் தருகிறது. முதலில் 4,000 வீடுகள். 2017 மே மாதம் நோர்வூட்டில் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். 2022இல் நாடு விழுந்து கிடந்தபோது ஏறத்தாழ 400 கோடி டொலர் உதவி செய்ததும் இந்தியாதான். நன்றி சொல்வோம், அதில் குறையில்லை. அதே 2017இல்தான் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 வருடக் குத்தகைக்குச் சீனக் கம்பனியிடம் போனது. இங்கே தன் செல்வாக்கு குறையக்கூடாது என்ற கணக்கும் டில்லிக்கு இருக்கும். எந்த நாடும் தன் நலனைப் பார்த்துத்தான் கை கொடுக்கும். நாமும் நமது நலனைப் பார்த்துக் கேட்கப் பழக வேண்டும்.

எதைக் கேட்பது? வீட்டுக்குப் பணம் இந்தியா தரலாம். அந்த வீடு நிற்கும் காணிக்குச் சட்டப்படி செல்லுபடியாகும் உறுதி தர வேண்டியது நமது அரசாங்கம். உறுதி இல்லாத வீடு, பெயின்ட் அடித்த லயம்தான். இரண்டு அரசாங்கங்கள் நம்மைப் பற்றிப் பேசும்போது தொழிலாளர் பிரதிநிதிகளும், அதில் பெண்களும் இருக்க வேண்டும் என்பது அடுத்த கோரிக்கை.

போன மாதம் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கேட்டது: "சேர், நம்ம இந்தியாவா, இலங்கையா?" "நம்ம பாட்டன் பூட்டன் அங்கேயிருந்து வந்தாங்க. நம்ம நாடு இதுதான்" என்றேன். "அப்ப ஏன் சேர் நம்ம வீட்டுக்கு உறுதி இல்ல?" என்றது பிள்ளை.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்குத் தலைவர்மாரும் மாதர் சங்கத் தலைவிமாரும் ஒரு பட்டியலோடு வாருங்கள்: புது வீடு கிடைத்தவர்கள் எத்தனை பேர், கையில் உறுதி உள்ளவர்கள் எத்தனை பேர். அந்தப் பிள்ளைக்குப் பதில் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.